பெயருக்கு முன்னால் ஒரு கோடு

"'ஏழாம் வீடு, பல் டாக்டர். அடுத்தவர் வாயைத் திறக்க வைத்துவிட்டுத் தான் மட்டும் பேசுவது தொழில் பழக்கம். எதிர்த்துப் பேசினால் காரியம் கெடும். தலையை மட்டும் ஆட்டவும்.' செயலாளரே, இது யாரு எழுதினது?"

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஒரு கையில் டீயும் ஒரு கையில் போனுமாக நின்றார்.

"எங்க சார் படிச்சீங்க இத?"

"எங்கயா? நம்ம பில்டிங் வெப்சைட்லதான். தண்ணி எப்ப வரும்னு பாக்கப் போனேன். குப்பை வண்டி டைமுக்குக் கீழ, தண்ணி டைமுக்கு மேல, நடுவுல நான் இருக்கேன்."

செயலாளருக்குப் புரை ஏறியது. எழுதியது அவரேதான். ஏழாம் வீட்டுக்கு மட்டுமல்ல, பதினாறு வீட்டுக்கும் வீட்டுக்கு ஒரு வரி என்று எழுதி வைத்திருந்தார். அது வேறு ஒரு ஜீவன் கண்ணிலும் படக்கூடாத பக்கம்.

"ஏதோ தப்பு நடந்திருக்கு சார். பாத்து எடுத்துடறேன்."

"எடுங்க, எடுங்க. அஞ்சு மணிக்குக் கூட்டம் இருக்குல்ல, லிஃப்ட் விஷயம்? அங்க பேசிக்கலாம். நான் வெறும் தலைய மட்டும் ஆட்டமாட்டேன்."

பல் டாக்டர் போனை வைத்துவிட்டார். நாலு மாடி, மாடிக்கு நாலு வீடு. லிஃப்ட் வைக்கப் பதினோரு கை உயர வேண்டும் என்பது சங்க விதி. ஒரு மாதமாக வீடு வீடாக ஏறி இறங்கிப் பத்து கையை உறுதி செய்திருந்தார். பதினோராவது கை பல் டாக்டருடையது.

லிஃப்ட் அவருக்காக இல்லை. அவர் மனைவிக்காக. எட்டு மாதமாக அந்த அம்மாள் நாலாம் மாடியை விட்டுக் கீழே இறங்கவில்லை. முழங்கால் வலி. டாக்டரிடம் போகலாம் வா என்றால், "அதுக்குப் படி இறங்கணுமேங்க" என்பாள். ஏழாம் வீட்டு டாக்டரை மேலே அழைத்ததற்கு, "பல்லா இருந்தா சொல்லுங்க, வரேன்" என்று சொல்லிவிட்டார். வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்து அவளுக்கு உடம்பு இளைத்து, முகம் கறுத்துப் போயிருந்தது. போதாததற்குப் போன மாதம் வலி முழங்காலிலிருந்து வலது தோளுக்கு ஏறிவிட்டது. ராத்திரி ராத்திரி தைலம் தேய்த்துக்கொள்வாள். பார்க்கும்போதெல்லாம் செயலாளருக்கு நெஞ்சைப் பிசையும்.

இணையதளம் வந்ததும் அந்த முழங்காலால்தான். அதற்கு முன்னால் சங்கத்தின் அறிவிப்பெல்லாம் காகிதத்தில்தான் போகும். ஆபீஸ் ரெக்கார்டு ரூமில் இருபத்தாறு வருஷமாகக் கோப்பு அடுக்கிக்கொண்டிருக்கிற மனிதர் அவர். எதற்கும் கையெழுத்து வேண்டும். மோட்டார் ஆறு மணிக்குப் பதில் ஆறேகாலுக்குப் போடப்படும் என்றால் கூட, பதினாறு வீட்டுக் கதவையும் தட்டிப் பதினாறு கையெழுத்து வாங்க வேண்டும். அவர் அலுவலகம் போய்விடுவதால் தட்டுகிற வேலை மனைவியுடையது. வாரத்துக்கு மூன்று அறிவிப்பு. ஒரு நாள் மூன்றாம் மாடிப் படியில் நோட்டோடு உட்கார்ந்துவிட்டாள். "இனிமே என்னால ஒரு படி கூட முடியாதுங்க. முழங்கால் போச்சு."

அப்போதுதான் அவருடைய அக்கா மகன் வந்து, "இதுக்கு எதுக்கு மாமா அத்தை கஷ்டப்படணும்?" என்று ஒரே மத்தியானத்தில் இணையதளம் செய்து கொடுத்துவிட்டுப் போனான்.

இணையதளம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கணினியில் ஒரு ஃபோல்டர். அதற்குள் வெறும் எழுத்து மட்டும் உள்ள ஒன்பது கோப்புகள். ஒரு கோப்பு, ஒரு பக்கம். கோப்பில் எழுதி, 'அனுப்பு' என்கிற படத்தை இரண்டு தடவை தட்டினால் ஊருக்கே தெரியும். அக்கா மகன் மூன்று விதிகளை ஒரு தாளில் எழுதிக் கணினிக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தான். ஃபோல்டரில் இருப்பதெல்லாம் வெளியே தெரியும். பெயருக்கு முன்னால் கீழ்க்கோடு போட்ட கோப்பு மட்டும் தெரியாது. வேறு எதையும் தொடாதீங்க மாமா.

அந்தத் தாளின் மேல்தான் செயலாளர் லிஃப்ட் படத்தை ஒட்டி மறைத்திருந்தார்.

ஓட்டு சேகரிக்கப் போகும்போது யாரிடம் எப்படிப் பேசுவது என்று வீட்டுக்கு ஒரு வரி எழுதிவைத்தார் அல்லவா, அதையும் 'யார் யார் எப்படி' என்று பெயரிட்டு அதே ஃபோல்டரில்தான் வைத்திருந்தார். கணினியில் அவருக்குத் தெரிந்த ஒரே இடம் அதுதான். அக்கா மகன் சொல்லியிருந்தபடி முன்னால் ஒரு கோடும் போட்டிருந்தார். சனிக்கிழமை ராத்திரி, மறுநாள் கூட்டமாயிற்றே என்று ஃபோல்டரைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தார். ஒன்பது பெயர் ஒரே வரிசையாக நிற்க, பத்தாவது மட்டும் முன்னால் ஒரு கோட்டை இழுத்துக்கொண்டு மூக்கு ஒழுகுகிற பிள்ளை மாதிரி நின்றது. ரெக்கார்டு ரூம் கண்ணுக்குப் பொறுக்கவில்லை. கோட்டைத் துடைத்தார். 'அனுப்பு'வைத் தட்டிவிட்டு நிம்மதியாகப் படுக்கப் போனார்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுப்பது என்பார்களே, அதுதான் இது.

டீயை அப்படியே வைத்துவிட்டுக் கணினி முன் உட்கார்ந்தார். கோப்பை அழித்தார். 'அனுப்பு'வைத் தட்டினார். போனில் இணையதளத்தைத் திறந்து பார்த்தார். பக்கம் அப்படியே இருந்தது. மறுபடி அனுப்பினார். மறுபடி இருந்தது. அக்கா மகனைக் கூப்பிட்டார்.

"மாமா, பஸ்ல மலை ஏறிட்டிருக்கேன். சிக்னல் வரும், போகும். சீக்கிரம் சொல்லுங்க."

"அந்தக் கோட்ட எடுத்துட்டேன்டா."

"எந்தக் கோடு?"

"பேருக்கு முன்னாடி போடச் சொன்னியே, அது."

"ஐயோ! அத ஏன் மாமா எடுத்தீங்க?"

"பாக்க அசிங்கமா இருந்துச்சு."

அக்கா மகன் தலையில் அடித்துக்கொள்கிற சத்தம் பஸ் இரைச்சலையும் மீறிக் கேட்டது.

"சரிடா, பெரிய மனுஷா, அப்புறம் திட்டு. ஃபைல அழிச்சுட்டேன். அனுப்பியும் பாத்துட்டேன். அங்க அப்படியே உக்காந்திருக்கு."

"உக்காந்துதான் இருக்கும். அது இங்க இருக்கறத அங்க கொண்டு போய் வைக்கும், அவ்வளவுதான். அங்க இருக்கறத எடுத்துட்டு வராது. நீங்க கிழிச்சது உங்க கையில இருந்த நகல மாமா. செவுத்துல ஒட்டுனது செவுத்துலயே இருக்கு."

"அப்ப என்ன பண்றது?"

"அதே பேர்ல ஃபைல் வச்சு, உள்ள வேற எதையாவது எழுதி அனுப்புங்க. பழசு மேல புதுசு உக்காந்துரும். ஆனா ஒண்ணு மாமா, இதான் முக்கியம். அனுப்பறதுக்கு முன்னாடி முகப்புப் பக்கத்துல போய்..."

பஸ் மலைக்குப் பின்னால் போய்விட்டது போலிருக்கிறது. அதோடு சரி.

முகப்புப் பக்கத்தில் போய் என்ன செய்ய வேண்டும் என்று செயலாளர் ஒரு நிமிஷம் யோசித்தார். தெரியவில்லை. தெரியாததை விட்டுவிட்டுத் தெரிந்ததைச் செய்யலாம் என்று முடிவு செய்தார். அழித்த கோப்பைக் கணினியின் குப்பைத் தொட்டியிலிருந்து தோண்டி எடுத்தார்.

உள்ளே வேறு எதையாவது எழுதுவதாவது! பல் டாக்டர் ஒருத்தர் பார்த்தாயிற்று. பக்கத்தில் வேறு ஏதாவது இருந்தால், பயந்து ஒளித்துவிட்டான் என்பார். அதையே கொஞ்சம் நல்ல வார்த்தையாக மாற்றி வைத்தால், 'நீங்க சரியாப் படிக்கல சார்' என்று சாதித்துவிடலாம். பல் டாக்டரின் வரியை முதலில் மாற்றினார்: 'அன்பாகப் பேசுவார்.' மற்றவற்றைப் பார்த்தார். பதினாறு வரிக்குள் 'தொல்லை' என்ற சொல் மட்டும் பதினோரு இடத்தில் இருந்தது. ஒவ்வொன்றாக மாற்ற நேரம் ஏது? தேடி மாற்றும் பெட்டியைத் திறந்தார். 'தொல்லை' இருக்கிற இடத்தில் 'தங்கம்' என்று போடச் சொன்னார். 'எல்லாக் கோப்புகளிலும் மாற்றவா?' என்று அது கேட்டது. எல்லா இடத்திலும் மாற்றத்தானே வந்தோம் என்று 'ஆம்' என்றார். 'அனுப்பு'வையும் தட்டினார்.

பத்து நிமிஷம் உலகம் அமைதியாக இருந்தது.

பத்தாவது நிமிஷம் ஐந்தாம் வீட்டுக்காரர் கூப்பிட்டார். பதினாலு மாதத்துக்கு முன்னால் சங்கத்தின் ஏணியை ஒரு மணி நேரத்துக்கு என்று வாங்கிப் போனவர். கேட்டால், "எந்த ஏணி?" என்பார்.

"சார், நான் நேராவே கேக்கறேன். தொட்டியில தங்கம் இருந்தா நாங்க ஏன் இறங்கக் கூடாது?"

"எந்தத் தொட்டி? எந்தத் தங்கம்?"

"உங்க வெப்சைட்லயே போட்டிருக்கீங்களே சார். 'தண்ணீர்த் தொட்டித் தங்கம் இருந்தால் உடனே செயலாளரிடம் தெரிவிக்கவும். தாங்களாகவே தொட்டியில் இறங்க வேண்டாம்.' நாங்க தெரிவிக்கணும், நீங்க மட்டும் இறங்கி எடுப்பீங்களா? நல்லாருக்கே நியாயம்! எலித் தங்கம், கொசுத் தங்கம்னு வேற போட்டிருக்கு, அது எனக்கு வேணாம்."

செயலாளர் இணையதளத்தைப் பார்த்தார். புகார்ப் பக்கம், தண்ணீர்ப் பக்கம், விதிகள் பக்கம், எல்லாம் தங்கமாக ஜொலித்தது. 'மாடியில் நாய்த் தங்கம் காணப்பட்டால் வளர்ப்பவரே அள்ள வேண்டும்.' அவர் திருத்திய பக்கமோ இன்னும் மோசம். 'மூன்றாம் வீடு: வாசலில் செருப்பு மலை. சொன்னாலும் தங்கம், சொல்லாவிட்டாலும் தங்கம்.' பைத்தியக்காரன் எழுதியது மாதிரி இருந்தது.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. இணையதளத்தைத் திறந்தவுடனே, முகப்பின் உச்சியில், கொட்டை எழுத்தில் ஒன்று நின்றது. 'புதிதாக மாறியவை: யார் யார் எப்படி.' கடைசியாக எந்தப் பக்கத்தில் கை வைக்கிறோமோ அதைத் தானாகவே மேலே தூக்கி வைக்கும்படி அக்கா மகன் செய்திருக்கிறான். மலைக்குப் பின்னால் போன வாக்கியம் இதுதான். குப்பை வண்டிக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒண்டிக்கொண்டிருந்ததை அவரே தூக்கிக்கொண்டு வந்து வாசலில் உட்கார வைத்துவிட்டார்.

மேலே மொட்டை மாடியில் எதையோ இழுக்கிற சத்தம் கேட்டு, செயலாளர் ஏறிப் பார்த்தார். பதினாலு மாதமாகக் காணாமல் போயிருந்த ஏணி, தொட்டியில் சாத்தப்பட்டிருந்தது.

"எந்த ஏணி சார் அது?" என்று செயலாளர் கீழேயிருந்து கத்தினார்.

"அத அப்புறம் பேசலாம் சார்!" என்று தொட்டிக்குள்ளிருந்து பதில் எதிரொலித்தது.

"ஏங்க, என்னங்க காலையிலேர்ந்து ஒரே கூச்சல்?" இறங்கி வந்தபோது மனைவி கூடத்தில் ஸ்டூல் மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

சொன்னார். அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

"நான்தான் ஆரம்பத்துலயே சொன்னேனே, லிஃப்டும் வேணாம் ஒண்ணும் வேணாம், விடுங்கன்னு. கேட்டீங்களா?"

"நீ அப்படித்தான் சொல்லுவ. எனக்குச் சிரமம் வேணாம்னு சொல்ற. எனக்குத் தெரியாதா?"

"இல்லைங்க, நெஜமாவே வேணாம்."

"நீ பேசாம இரு. இந்த ஒரு விஷயத்துல மட்டும் நான் விடமாட்டேன்."

சொல்லிவிட்டு வாசலுக்குப் போனார். அங்கே நின்றபோதுதான் அந்த யோசனை வந்தது. வந்திருக்கக் கூடாது. கட்டடம் முழுவதற்கும் ஒரே நெட் இணைப்பு. அதன் பெட்டி கீழே மாடிப்படிக்கு அடியில் இருந்தது. சாயங்காலம் வரைக்கும் அதைப் பிடுங்கிவிட்டால் யார் எதைப் பார்க்க முடியும்?

நாலு மாடி இறங்கினார். பெட்டியைத் திறந்தார். எது எந்த ஒயர் என்று தெரியாததால் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தார். ஒயர் வந்தது. அதன் முனையில் இருந்த சின்னப் பிளாஸ்டிக்கும் உடைந்து கையோடு வந்தது. பச்சை விளக்கெல்லாம் அணைந்தது. அவருக்கு அன்று முதல் தடவையாக மூச்சு சீராக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு நெட் போனால் என்ன ஆகும் என்று குழந்தைக்குக் கூடத் தெரியும். பதினாறு கதவும் திறந்தது. வேலை நாளில் பத்து மணிக்கு மேல் ஈ காக்கை இல்லாத கட்டடம் அது; இன்று மனிதத் தலைகளாக எட்டிப் பார்த்தது.

"உங்க வீட்டுல நெட் இருக்கா?"

"இல்ல, உங்க வீட்டுல?"

"பசங்க படுத்தறாங்க சார், யாராவது நெட்காரரக் கூப்பிடுங்களேன்."

"அவர் நம்பர் யார்கிட்ட இருக்கு?"

மூன்றாம் மாடியிலிருந்து வயலின் டீச்சரின் குரல் கணீரென்று வந்தது. "நம்ம பில்டிங் வெப்சைட்ல இருக்கே! போன்ல இருக்கற நெட்லயே வரும், பாருங்க."

படிக்கு அடியில் நின்ற செயலாளர் அறுந்த ஒயரைப் பார்த்தார். திரும்பச் செருகிப் பார்த்தார். நிற்கவில்லை. விரலால் பிடித்துக்கொண்டும் பார்த்தார். ஒரு விளக்கும் எரியவில்லை.

எட்டு மாதமாக அவ்வளவாக யாரும் எட்டிப் பார்க்காத இணையதளத்தைப் பதினைந்து வீடும் ஒரே நேரத்தில் திறந்தது. முதலில் இரண்டாம் மாடியில் ஒரு சிரிப்பு. பிறகு, "யாரு, நானா தங்கம்?" என்று மூன்றாம் வீட்டுக்காரர். உடனே பல் டாக்டரின் குரல்: "அது திருத்தினது சார். அசல் என்கிட்ட இருக்கு. காலையிலயே படம் பிடிச்சு வச்சுட்டேன். எல்லாருக்கும் அனுப்பறேன், இருங்க."

நெட்காரரின் எண்ணுக்கு எத்தனை பேர் கூப்பிட்டார்களோ, கடைசியில் அவர், "ஒரே ஆள் பேசுங்கப்பா, சாயங்காலம் வரேன்" என்றாராம்.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் ஜாண் என்ன, முழம் என்ன! ஐந்து மணிக்குச் செயலாளர் சட்டையை மாற்றிக்கொண்டு கீழே வண்டி நிறுத்தும் இடத்துக்குப் போனார். பிளாஸ்டிக் நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன. மற்ற பதினைந்து வீட்டிலிருந்தும் வந்திருந்தார்கள். கூட்டத்துக்கு இதுவரை ஏழு பேருக்கு மேல் வந்ததே கிடையாது. ஐந்தாம் வீட்டுக்காரர் மட்டும் முழங்கால் வரை ஈரமாக உட்கார்ந்திருந்தார்.

சங்கத் தலைவர் தொண்டையைச் செருமினார். அவர் ஆரம்பிப்பதற்குள் பல் டாக்டர் எழுந்துவிட்டார்.

"லிஃப்டுக்கு முன்னாடி இது. எல்லாருக்கும் கேக்கற மாதிரி வாசிக்கறேன்."

வாசித்தார். "'முதல் வீடு, சங்கத் தலைவர். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போகவும்.'"

பதினாலு வீடும் சிரித்தது. தலைவர் மட்டும் சிரிக்கவில்லை.

"'மூன்றாம் வீடு: வாசலில் செருப்பு மலை. சொன்னாலும் தொல்லை, சொல்லாவிட்டாலும் தொல்லை.'"

"கரெக்ட்டு!" என்றார் தலைவர்.

"'ஐந்தாம் வீடு: ஏணி. இந்தப் பேச்சை எடுத்தால் ஓட்டு போய்விடும். ஏணி போனால் போகட்டும்.'"

"ஏணி மேல இருக்கு சார், எடுத்துக்கலாம்" என்றார் ஈரக்கால்காரர் முனகலாக.

"'பதினோராம் வீடு, வயலின் டீச்சர்: மாணவர் இல்லாத நேரம் பார்த்துப் போகவும். இருக்கும்போது போனால் காது தொல்லை.'"

"என் வாசிப்பு இல்ல, பசங்க வாசிப்பு!" என்று டீச்சர் கத்தினார். அடுத்த வரிக்கு அவரே முதலில் சிரித்தார். தன் வரிக்கு முகம் சுருங்கி, அடுத்தவர் வரிக்கு வயிறு குலுங்கி, வரி வரியாகப் போனது. செயலாளர் தரையைப் பார்த்தபடி ஒவ்வொரு கையாக மனதுக்குள் அழித்துக்கொண்டே வந்தார். பத்து, எட்டு, ஐந்து, மூன்று.

"'பதினைந்தாம் வீட்டு அம்மா: தங்கமான மனுஷி. தினமும் பத்து மணிக்கு வந்து என் மனைவிக்குத் துணையாக உட்கார்ந்திருப்பவர். இவரிடம் ஓட்டே கேட்க வேண்டாம், தானாக வரும்.'"

பதினைந்தாம் வீட்டு அம்மாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"'பதினாறாம் வீடு'" என்று வாசித்த பல் டாக்டர் நின்றார். கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். அடுத்த வரியைக் குரல் இறக்கி வாசித்தார். "'பதினாறாம் வீடு, நான். எல்லாரையும் எழுதிவிட்டு என்னை எழுதாவிட்டால் எப்படி. பதினாறு கதவுக்கும் அவளை நடக்க விட்டு அவள் முழங்காலைத் தேய்த்தவன் நான். அவள் வாசல் தாண்டி எட்டு மாதம் ஆகிறது. இவர்கள் காலில் விழுந்தாவது லிஃப்ட் வாங்கிவிட வேண்டும். அவள் கீழே வந்து ஒரு தடவை வெயிலில் நிற்பதைப் பார்க்க வேண்டும்.'"

டீச்சர் மூக்கை உறிஞ்சினார். பதினைந்தாம் வீட்டு அம்மாவுக்கு இருமல் அதிகமாகி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டார்.

"பாவம், அந்தம்மாவுக்கு நெஞ்சு தாங்கல" என்றார் மூன்றாம் வீட்டுக்காரர்.

செயலாளருக்குக் கண் நிறைந்துவிட்டது. "நான் எழுதினது தப்புங்க. எல்லாரும் மன்னிச்சுக்கங்க. செயலாளர் பதவிய வேற யாருக்காவது குடுத்துடுங்க. ஆனா லிஃப்ட மட்டும்..."

தலைவர் எழுந்தார். எல்லோரும் நாற்காலியில் சாய்ந்து சவுகரியமாக உட்கார்ந்துகொண்டார்கள். ஆனால் அவர் வாழ்நாளிலேயே முதல் தடவையாக மூன்றே வாக்கியம் பேசினார். "லிஃப்ட் வைக்கிறோம். அந்தம்மா கண்ணு முன்னாடி கை தூக்குறோம். போய்த் தூக்கிட்டு வாங்க."

நாலு பேர் ஒரு மர நாற்காலியோடு மேலே ஓடினார்கள். பல் டாக்டர், செருப்பு மலைக்காரர், ஏணிக்காரர், முதல் மாடியில் இருந்துகொண்டு 'எங்களுக்கு எதுக்கு லிஃப்ட்' என்று கேட்டுக்கொண்டிருந்த இரண்டாம் வீட்டுக்காரர். மேலேயிருந்து செயலாளர் மனைவியின் குரல் கட்டடம் முழுவதும் கேட்டது.

"ஐயையோ, வேணாங்க! விடுங்க, நானே..." குரல் நடுவில் நின்றது. "நானே... இங்கயே இருந்துக்கறேன்!"

"கூச்சப்படாதீங்கம்மா. நாங்கெல்லாம் உங்க கூடப் பொறந்தவங்க மாதிரி."

படிக்குப் படி "மெதுவா, மெதுவா, முழங்கால் பத்திரம்" என்று சொல்லிக்கொண்டே நாலு பேரும் வியர்த்து விறுவிறுத்து இறக்கி வந்தார்கள். ஏணிக்காரருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பல் டாக்டருக்குப் பேச்சே வரவில்லை. சாயங்கால வெயில் விழுந்த இடமாகப் பார்த்து நாற்காலியை வைத்தார்கள். அவள் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டிருந்தாள்.

"அழாதீங்கம்மா" என்றார் டீச்சர், தானே அழுதுகொண்டு.

"லிஃப்டுக்குச் சம்மதம்னா கை தூக்குங்க" என்றார் தலைவர்.

பதினைந்து வீட்டுக் கையும் உயர்ந்தது. செயலாளர் தன்னுடையதையும் சேர்த்து எண்ணினார். பதினாறு. இன்னொரு தடவை எண்ணினார். பதினாறுதான். காலையிலிருந்து பட்ட பாடெல்லாம் கரைந்து போக, மனைவியின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்று, எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார்.

அப்போதுதான் வெளிக்கதவைத் திறந்துகொண்டு நெட்காரர் தோளில் பையோடு உள்ளே வந்தார். கூட்டத்தைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். பையைத் தொப்பென்று கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"என்னக்கா, என்ன ஆச்சு? முந்தாநாள் காலையில கிரவுண்டுல ஷட்டில்ல அந்தத் தாவு தாவி என்னையவே மூணு ஆட்டம் தோக்கடிச்சீங்க, இன்னைக்கு நாற்காலியில தூக்கிட்டு வந்து வச்சிருக்காங்க?"